பின்லாந்து அக்காவின் கண்ணாடிக் கடை

பிளானோவில் அந்தக் கடைக்குள் நான் முதன்முதலாக நுழைந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை, வெயில். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து டெக்சஸ் கோடை. எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்பக்கம் வேலிச்செடி வரிசை ஒன்று, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி, அந்தப் பக்கம் வரிசையாகக் கடைகள். கார் ஓட்டும் பரீட்சையில் கோட்டைவிட்டவளுக்கு அமெரிக்கா என்பது அந்த இடைவெளி வழியாக நடந்துபோய்ச் சேரக்கூடிய தூரம்தான். வீட்டுக்காரர் காலையில் டோல்வே நெடுஞ்சாலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். என் விசாவில் நான் வேலைக்குப் போகக்கூடாது. ஆகவே தினமும் இந்தியன் கடைக்குப் போய், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அன்று அங்கே ஏசி படுத்துவிட்டது. கடைக்காரர் இருந்த ஒரே ஃபேனை வெண்டைக்காய்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வெண்டைக்காய் வாடக்கூடாது, வாடிக்கையாளர் வாடலாம் போலிருக்கிறது. கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைப் பலகை, ஒரு பலகைக்கு ஒரு சாமான். வீடு காலி பண்ணுகிறவர்கள் லாரி வராமல் பாதியில் நிறுத்தியது மாதிரி இருந்தது. மூலையில் நெட்டையாக, வெளுத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைப் பார்த்தார், தலையை ஒருதரம் ஆட்டினார், மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

டெக்சஸில் கடைக்குள் கால் வைத்த நிமிஷமே எப்படி இருக்கிறாய், நாள் எப்படிப் போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் பதிலை ஈரோட்டுத் தமிழில் யோசித்து, இலக்கணம் பார்த்து, ஆங்கிலத்தில் எடுத்து வைப்பதற்குள் அவர்கள் அடுத்த ஆளிடம் போயிருப்பார்கள். ஒவ்வொரு கடையும் எனக்கு ஒரு வாய்மொழித் தேர்வு. இந்தப் பெண்மணி எதுவுமே கேட்கவில்லை. எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. கடையை அல்ல, கடைக்காரம்மாவை.

கடை சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லாம் பின்லாந்துச் சாமான். அவருடைய கணவரை அந்த ஊர் போன் கம்பெனி ஒன்று டெக்சஸுக்கு அனுப்பியிருந்தது, கூடவே வந்த இவர் தன் ஊர்ப் பொருள்களை வரவழைத்து வீட்டுக்கும் அன்பளிப்புக்குமாக ஒரு கடை போட்டிருந்தார். கிண்ணம் என்றால் வெறும் கிண்ணம். தட்டு என்றால் வெறும் தட்டு. ஒரு பூ கிடையாது, ஓரத்தில் தங்கக் கோடு கிடையாது. ஒரு ஜாடியின் வாய் கோணல்மாணலாக அலையடித்துக்கொண்டிருந்தது, உருக்கும்போது யாரோ தும்மிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆரஞ்சுப் பிடி போட்ட கத்தரிக்கோல். மேஜைக்கு விரிக்கிற ஒரு துணியில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவப்புப் பூக்கள். இருந்த பூவையெல்லாம் இந்தத் துணிக்கே கொடுத்துவிட்டதால் மற்ற சாமான்களுக்கு மிச்சம் இல்லாமல் போய்விட்டது போல. விலைச் சீட்டைப் பார்த்ததும் கையில் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். பெயரைக் கேட்டேன், சொன்னார். அதில் உயிரெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அதைச் சரியாகச் சொல்ல வந்தாலும் என்னைவிட அத்தனை வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழாது. ஆன்ட்டி என்று கூப்பிடலாம்தான். ஆனால் அந்த வருஷம்தான் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் ஒரு பெண்மணியை ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கு, அவர் சாம்பார் கரண்டியை அப்படியே நிறுத்தி, "நான் உனக்கு ஆன்ட்டியா?" என்று கேட்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அந்த வார்த்தை ஆபத்து. யாருக்கும் வயசாக்காத, மரியாதையும் குறையாத ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறதே.

"உங்களை நான் அக்கா என்று கூப்பிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னவென்று?"

"அக்கா."

"ஓகே," என்றார். அவர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வேலிச்செடிக்குள் நுழைந்து வீட்டுக்கு வந்தேன்.

அக்காவின் கடையில் பேச்சு கிடையாது, அதனால் பாடம் எல்லாம் கை வழியாகத்தான். ஒரு நாள் ஒரு வெள்ளை ஜக்கில் தண்ணீர் நிரப்பி, ஒரு கிளாஸையும் தள்ளி வைத்து, ஊற்று என்று சைகை காட்டினார். ஊற்றினேன். நிறுத்தினேன். ஜக் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. எங்கள் வீட்டில் பூப்போட்ட டீ செட் ஒன்று இருந்தது, ஊற்றினால் பாதி கோப்பைக்கும் பாதி மேஜைக்கும் பங்கு பிரிக்கும். மறுபடி ஊற்றிப் பார்த்தேன். கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கச் சொன்னார், சிக்கிக்கொள்ளாமல் அடங்கின. கத்தரிக்கோலைக் கொடுத்தார், பிடிக்குள் விரல் போனதும் இது என் கைக்கென்றே பண்ணியதோ என்று இருந்தது. கோணல் ஜாடியில் ஒரே ஒரு குச்சியைச் செருகினார். நேரான ஜாடியாக இருந்தால் அது பரிதாபமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் ஒரு வளைவில் போய் ஒயிலாக நின்றுகொண்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இத்தனை நாள் பூவையும் தங்கக் கோட்டையும் காட்டி என்னை ஏமாற்றியிருக்கிறார்களே என்று.

கொஞ்ச நாளில் இன்னொரு அதிசயம் நடந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அக்கா நிமிர்ந்து, "ஹலோ, ஏம்மா," என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல் எழுத்தைக் கொஞ்சம் நசுக்கி, அம்மா, ஏம்மா என்று ரெண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். ஆனால் நம்ம ஏம்மாதான். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, அக்கா தானா தமிழ் கத்துக்கிட்டாங்க. என்னை ஏம்மான்னு கூப்பிடறாங்க."

"பக்கத்துல மளிகைக் கடையில கேட்டிருப்பாங்க," என்றார் அவர் சுரத்தே இல்லாமல். கல்யாணமாகி அவர் ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, அந்தப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த வருஷம் வெயில் தணிந்த ஒரு நாள் அக்கா சொன்னார், டிசம்பரோடு கடைக்கு லீஸ் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.

"ஏன்க்கா?"

"ஆள் வருவதில்லை."

உண்மைதான். டெக்சஸ்காரர்கள் கதவைத் திறந்து, அந்த வெறும் பலகைகளைப் பார்த்து, கடை இன்னும் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கடையை மூடினால் பகல் முழுக்கப் பேச, சரியாகச் சொன்னால் கூட இருந்து பேசாமல் இருக்க, எனக்கு அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. கொத்தமல்லிக் கட்டைத்தான் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையை மூட விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

ஆள் வேண்டும், அவ்வளவுதானே? பிளானோவில் அப்போது வாராவாரம் ஏதாவது ஒரு புது வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் எல்லாரும் சுவர்க் கடிகாரமும் போட்டோ ஃபிரேமும் டீ செட்டுமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிரிக்காமலே கைமாறிக் கைமாறி, நாம் கொடுத்த டீ செட்டே நம்மிடம் திரும்பி வந்து நலம் விசாரிக்கும். இந்தக் கூட்டத்தை அப்படியே அக்கா கடைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

முதலில் கூட்டிக்கொண்டு போனது மேல் மாடி மாமியை. மயிலாப்பூர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர், மகன் வீட்டோடு இருந்தார். மாமி வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள், அப்படி ஒரு செல்வாக்கு. கடையிலேயே ஒசத்தியான கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, பாத்திரக் கடையில் செய்கிற மாதிரி சட்டென்று கவிழ்த்து அடியைப் பார்த்தார். முகம் மாறியது.

"இந்தா, இங்க பாரு. யாரோ பேர் வெட்டியிருக்கு. யாருக்கோ வெச்சுக் குடுத்ததைத் தொடச்சு வெச்சு விக்கறா இவ."

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே கிண்ணத்தின் அடியில் யாரோ கையால் கீறின எழுத்து. நானும் பதறிப்போய் அக்காவிடம் காட்டினேன். அக்கா முகத்தில் அபூர்வமாக ஒரு பெருமிதம் வந்தது. இதை வடிவமைத்தவரின் கையெழுத்து என்றார். அந்த ஊரில் ரொம்பப் பெரிய மனிதராம்.

நான் தமிழில் சொன்னதும் மாமி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பண்ணினவன் பேரை எதுக்குடி வெட்டணும்? குடுக்கறவா பேரைன்னா வெட்டணும். பணம் நம்மளது, பேர் அவனோடதா?" சற்று யோசித்து, "சரி, இருக்கட்டும். கீழ எடம் இருக்கே. எங்காத்து மாமா இனிஷியலோட அன்பளிப்புன்னு வெட்டித் தருவாளா, கேளு."

கேட்டேன். அக்கா மாமி கையிலிருந்து கிண்ணத்தை மெதுவாக வாங்கி, யாருக்கும் எட்டாத மேல் பலகையில் கொண்டுபோய் வைத்தார்.

முதல் முயற்சி இப்படிப் போனது. இரண்டாவதில் நான் ஒன்றும் திட்டம் போடவில்லை, என் வாய்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அந்த வெள்ளை ஜக்கை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வந்த பரிசுகளைக் கூட்டத்துக்கு நடுவில் பிரித்தார்கள். தங்க முலாம் கடிகாரத்துக்கு அடுத்து என் ஜக் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தது மாதிரி வெள்ளைவெளேரென்று நின்றது. வீட்டுக்காரப் பெண்ணின் முகம் விழுவதைப் பார்த்தேன். சமாளிப்பதற்காக அவள் பெட்டியைத் திருப்பிப் படித்தாள். "என்னங்க இது, கண்ணுன்னு போட்டிருக்கு?"

நிஜமாகவே அப்படித்தான் போட்டிருக்கும். பின்லாந்துக்காரர்களின் மொழியில் ஜக்குக்குப் பேர் கண்ணு. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க, திருஷ்டிக்கு," என்றேன். "அவங்க நாட்டுல புது வீட்டு வாசல்ல இதுல தண்ணி ஊத்தி வெப்பாங்க. அதான் பாருங்க, ஒரு பூ இல்ல, ஒரு கோடு இல்ல. கண்ணு நிக்க எடமே இருக்காது, வழுக்கிட்டுப் போயிரும்."

சொன்ன வேகத்தில் நானே பாதி நம்பிவிட்டேன். அப்புறம் அந்தப் பெண் ஜக்கைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரோ ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து போட்டார்கள். தங்க முலாம் கடிகாரம் தந்தவர் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் கால் வைக்க இடமில்லை. கொப்பெல், ஆலன், ஃபிரிஸ்கோ என்று தூரத்திலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் ஜக்கோடு நிற்கவில்லை. கோணல் ஜாடி கரண்டிகள் வைக்க வாகாக இருப்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். மெழுகுவர்த்திக் கிண்ணங்கள் கார்த்திகைக்குப் போயின. கத்தரிக்கோல் முளைக்கீரை நறுக்கப் போனது. சிவப்புப் பூத் துணியில் ஒருத்தி நைட்டியே தைத்து, அதைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்தாள், விரித்த மேஜை ஒன்று எழுந்து நடந்துவருகிற மாதிரி இருந்தது. மாமியும் இறங்கிவந்து நாலைந்து ஜக் வாங்கினார், பேர் வெட்டாமலே. மற்ற எல்லாரையும் போல மாமியும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் அறிமுகம் பண்ணும்போதே "இவங்கதான் அக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன். அக்கா, இதுல நீலம் இருக்கா? அக்கா, இதைக் கிஃப்ட் ராப் பண்ணிடுங்க. அக்கா, அக்கா என்று கடையே ஒலித்தது.

நான் சொன்ன பொய்க்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. வருத்தம் எல்லாம் வேறு. கூட்டம் ஏற ஏற அக்காவின் முகம் இறங்கிக்கொண்டே போனது. முன்பெல்லாம் பேசமாட்டார், அவ்வளவுதான். இப்போது உதட்டை இறுக்கிக்கொண்டு பில் போட்டார். ஒவ்வொரு "அக்கா"வுக்கும் தோள் ஒரு சுற்று சுருங்கியது. எனக்குச் சந்தேகம் வந்து தனியாகப் பிடித்துக் கேட்டேன், இத்தனை பேர் வருகிறார்களே, இனிமேல் மூடமாட்டீர்களே என்று.

"மூடத்தான் போகிறேன்."

"கூட்டம்தான் வந்திருச்சே?"

"கூட்டம்தான் காரணம்," என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்லாந்துக்காரர்களுக்குக் கூட்டமே ஆகாது என்று வீட்டுக்காரர் எங்கேயோ கேள்விப்பட்டதைச் சொன்னார். கூட்டம் வேண்டாம் என்றால் எதற்காகக் கடை வைத்தார், ஏரிக்கரையில் போய் உட்கார வேண்டியதுதானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அக்காவின் கணவர் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார், சாமான் கட்ட. அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அக்காவைவிட நெட்டை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நேரம், கடை நிறைய நம்மவர்கள். வாசலில் நின்றபடியே உள்ளே நடக்கிற பேச்சைக் கேட்டார். ஒருத்தி "அக்கா, பேக் இருக்கா?" என்றாள். இன்னொருத்தி "அக்கா, அந்த ஜக் ஒண்ணு" என்றாள். மாமி தன் கணீர்க் குரலில் "அக்கா, எனக்கு முதல்ல பில் போடும்மா, ரசத்தை அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்," என்றார்.

அந்த மனிதர் கையிலிருந்த பெட்டிகள் கீழே விழுந்தன. மனைவியிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, அக்கா. அக்கா ஜக்கைத் தாளில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"என் மனைவியை ஏன் எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிறீர்கள்?"

"அது மரியாதை," என்றேன். "எங்கள் மொழியில் மூத்த சகோதரி."

"எங்கள் மொழியில்," என்றார் அவர், "அப்படியென்றால் கிழவி." கொஞ்சம் யோசித்து, நேர்மையான மனிதராக இருந்ததால் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "மரியாதையான கிழவிகூட இல்லை. யாருக்கும் பிடிக்காத, வாய் கொழுத்த கிழவி."

ஒன்றரை வருஷம். முதலில் நான் ஒருத்தி. அப்புறம் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, வரிசையாகச் சொல்ல வைத்திருக்கிறேன். காசும் கொடுத்து கிழவி என்றும் திட்டிவிட்டுப் போகிற ஜனங்கள். எனக்குக் காது, கன்னமெல்லாம் சுட்டது. மாமிதான் முதலில் சுதாரித்தார். "எனக்கு அப்பவே தோணித்து. என்னைவிடச் சின்னவளைப் போய் அக்காங்கறோமேன்னு."

அக்காவைப் பார்த்துச் சொன்னேன், "தெரியாமல் செய்துவிட்டேன். நீங்கள் மட்டும் தமிழ் கற்றுக்கொண்டு என்னை எவ்வளவு அன்பாக ஏம்மா என்று கூப்பிடுகிறீர்கள்."

"என்ன என்று கூப்பிடுகிறாள்?" என்று கேட்டார் கணவர்.

"ஏம்மா."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்காவின் காது நுனி அந்த மேஜைத் துணிப் பூவின் நிறத்துக்குப் போயிருந்தது. கணவர் குனிந்து, விழுந்த பெட்டிகளை அவசரமாகப் பொறுக்க ஆரம்பித்தார். முதுகு குலுங்கியது.

"அதுவும் கிழவிதான்," என்றார் பெட்டிகளுக்குள்ளிருந்து.

"நீதான் ஆரம்பித்தாய்," என்றார் அக்கா.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கிழவி என்று கூப்பிடக் கூப்பிட நான் புல்லரித்து, வீட்டில் போய்ப் பெருமை வேறு பேசியிருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் மானம் போன கோபத்தில் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். நல்லவர், என் எதிரில் சிரிக்கவில்லை. ஆனால் கதவு மெல்லிசு.

அந்த வாரம் நான் வேலிச்செடிப் பக்கம் போகவே இல்லை. கடைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள், எல்லாரும் பயந்துபோய் அவரை மேடம் என்று கூப்பிடுகிறார்களாம், அவரும் ஜக்கென்றால் ஜக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறாராம், பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமும் இருந்தது, கடை போய்விடுமே என்கிற பயமும் இருந்தது. கோபத்தை விட்டுவிடவும் மனசில்லை.

ஒரு நாள் காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அக்கா நின்றுகொண்டிருந்தார். தலைமுடியில் இரண்டு வேலிச்செடி இலைகள். அந்த இடைவெளி என் உயரத்துக்குத்தான் சரி, அவர் குனிந்து நுழைந்து வந்திருக்கிறார். வந்தவருக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது என்பதால் மட்டும் போட்டுக் கொடுத்தேன், எவர்சில்வர் டம்ளர் டவராவில்.

அக்கா காபியைக் குடிக்கவில்லை. அதை டவராவில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கையில் எடுத்தார். விளிம்பு வெளியே வளைந்திருப்பதை விரலால் தடவினார். சூடாக இருந்தால் அங்கே பிடிப்பதற்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுக்கில் இருந்த இன்னொரு டம்ளருக்குள் அதை விட்டுப் பார்த்தார், அடங்கியது. ஒரு பூ இல்லை, கோடு இல்லை. அப்புறம் மாமி மாதிரியே கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"இதுதான் வடிவமைத்தவர் பெயரா?"

"இல்லை. அது எங்கள் சின்ன மாமனார். கல்யாணத்துக்குக் கொடுத்தார்."

"வடிவமைத்தவர்?"

"யாரென்று தெரியாது. யாருக்குமே தெரியாது."

அக்கா ரொம்ப நேரம் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் இதைச் செய்யத்தான் காலம் முழுக்கப் பாடுபட்டார்கள் என்றார். இதை எங்கள் சின்ன மாமனார் கேட்டிருந்தால் தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பழி வாங்கத்தான் அந்தப் பதில் வார்த்தையை ஆரம்பித்தாராம். போகப் போகக் கோபம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் ஒருத்தி சொன்னதைப் பொறுத்துக்கொண்டார், ஊரே சொன்னபோது முடியவில்லை.

"முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாமே, அக்கா?" வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கேட்டால் நீ வராமல் போய்விடுவாயோ என்று இருந்தது," என்றார் அக்கா. "கடைக்கு அப்போது வேறு யாரும் வரவில்லை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு நான், எனக்கு அவர் என்று இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நானாவது ஊரெல்லாம் பேசுகிறவள். அவர் திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் கிண்ணம் துடைத்திருக்கிறார்.

அக்கா ஆறிப்போன காபியை எடுத்தார். கூடப் பிறந்தவர்கள் தனக்கு யாரும் இல்லை என்றார். அதனால் விவரம் தெரியாமல் கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்டார், "ஒருவர் எவ்வளவு காலத்துக்கு அக்காவாக இருக்க வேண்டும்?"

"அதுக்கு லீஸ் எல்லாம் கிடையாது," என்றேன். "ஒருதரம் ஆயிட்டா ஆனதுதான்."

அவர் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார்.

மறுவாரம் கட்டிடத்து ஓனர் கடைக்கு வந்தார். பெரிய தொப்பி, கையகலத்துக்குப் பெல்ட் பக்கிள், அசல் டெக்சஸ். சாவியை வாங்கிப் போக வந்தவர், கட்டின பெட்டிகளை நானும் அக்காவும் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, மறுபடி காருக்குப் போய்ப் புது லீஸை எடுத்து வந்தார். வெளியே இருந்த பழைய போர்டில் யார் வாயிலும் நுழையாத நீளப் பெயர் ஒன்று இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அக்கா சொன்னார். சரி, என்ன எழுத வேண்டும் என்று ஓனர் கேட்டதற்கு, அக்கா ஒரு துண்டுத் தாளில் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி நகர்த்தினார். நான் எட்டிப் பார்த்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களே என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே வரட்டும் என்றார்.

ஓனர் தாளைத் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினார். "அக்கா. இதற்கு என்ன அர்த்தம்?"

அக்கா என்னைப் பார்த்தார். ஓனரும் என்னைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"அது எங்கள் குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டு, அக்கா பேனாவுக்குக் கை நீட்டினார்.